என்ன

பயிற்சி என்றார்கள்.
கையெழுத்து வைத்து, பற்றிஸ் ஒன்றும் பால் தேத்தண்ணியும் வாங்கி
ஏசிக் குளிருக்குள் போய் உட்கார்ந்தோம்.
யன்னலுக்கு வெளியே பிரேத அறைச் சுவரோரம்
மான் ஒன்று லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது.

திரையில் எங்களைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள்.
முஸ்லிம் பெண்: தொடுமுன் கேட்கவும்.
இந்து: கையில் கட்டிய நூலை வெட்ட வேண்டாம்,
வெள்ளிக்கிழமை மரக்கறி.
போன வெள்ளி நான் சுறாப்புட்டுத் தின்றேன்.
"கேட்டுத் தொடுறது எங்களை மட்டுமாடி?"
பக்கத்துக் கதிரையில் மிட்வைஃப் றிஸ்மியா முணுமுணுத்தாள்.
வெருகலுக்கு அங்காலிருந்து
இரண்டு பஸ் மாறி கிளினிக் வருகிற வேடர் மனிசிக்கு
அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

பதினெட்டு வருடம் இங்கே சிற்றூழியர் நான்.
நியமனக் கடிதத்தில் கூட்டுதல் உண்டு, கழுவுதல் உண்டு,
கட்டில் தள்ளுதல் உண்டு.
மொழிபெயர்ப்பு இல்லை.
ஆனாலும் ஏழாம் வாட்டிலிருந்து குரல் வரும்:
"யோகா அக்கே, என்ன!"
சிங்களத்தில் என்ன என்றால் வாருங்கள்.
எங்களுக்கு அது கேள்வி.
கூப்பிட்ட இடமெல்லாம் கேள்வி மாதிரித்தான் போய் நின்றேன்.

குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது,
சுள்ளெண்டுது, விண்விண்ணெண்டு தெறிக்குது
எது வந்தாலும் மடித்து ஒரே உறைக்குள் போட்டுக் கொடுப்பேன்:
ரிதெனவா.
வரிசை கேற்றடி வரை நிற்கும்.
கெட்டிக்காரி என்றும் பெயர் கிடைத்தது.

மாரி நாளொன்றில் குச்சவெளியிலிருந்து ஒருத்தி.
சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி
"நெஞ்சு பதகளிக்குது, பிள்ளை" என்றாள்.
பதகளிப்பு.
அதற்குச் சிங்களம் எனக்கு வரவில்லை.
ரிதெனவா என்றேன்.
வயர் ஒட்டினார்கள், கோடு ஒழுங்காக ஓடியது,
பனடோலோடு அனுப்பினார்கள்.
புருஷன் கடலுக்குப் போய் ஒன்பது நாள் என்று
மருந்தெடுக்கும் யன்னலடியில் எனக்கு மட்டும் சொன்னாள்.
யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் போய்ச் சேர்க்கவில்லை.
பிறகு அவள் வரவேயில்லை.
சுகமாயிருக்கலாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் நடிப்பு.
கொழும்பிலிருந்து வந்த மிஸ் இமேஷா ஒரு அட்டை நீட்டினா:
நீங்கள் நோயாளி, உங்களுக்கு மொழி தெரியாது.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
தள்ளித் தள்ளிக் கை காய்த்த கட்டிலில்
முதன்முதலாய் ஏறிப் படுத்தேன்.
கூரை இவ்வளவு உயரமென்று யாரும் சொன்னதில்லை.

எதிரே டொக்டர் தெவ்மித், மாத்தறைப் பெடியன்,
வந்து நாலு மாதம்.
"நெஞ்சு பதகளிக்குது" என்றேன்.
பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பினான்,
நான் வழமையாய் நிற்கும் இடத்துக்கு.
அங்கே மின்விசிறியின் நிழல் மட்டும்.

"ரிதெனவாத?"
தலையாட்டினேன், இல்லை.
முட்டியை இறுக்கிக் காட்டினான். இல்லை.
தீ மாதிரி விரல் அசைத்தான். இல்லை.
பின்வரிசையில் கைதட்டி ஏதோ சொன்னார்கள்,
அவனுக்குக் காது சிவந்தது.
கடைசியில் தன் நெஞ்சில் கை வைத்து
வள்ளத்துக்குள் விழுந்த மீனின் செவுள்போல
விரல்களைத் திறந்து மூடினான், திறந்து மூடினான்.
ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
தொண்டை அடைத்தது. அது நடிப்பில் இல்லை.
நேரம் முடிந்ததென்று மிஸ் மணியடித்தா.

சான்றிதழில் என் பெயர் பிழை.
திருத்தித் தருவதாகச் சொன்னார்கள்.

திங்கள் காலை ஏழாம் வாட்டு.
முழங்கை வரை மூடிய கிண்ணியாப் பெண்ணொருத்தி
தரையைப் பார்த்தபடி.
"யோகா அக்கே" என்று கூப்பிட்டான்.
வாளியை வைத்துவிட்டுப் போனேன்.
அவன் என் பக்கம் திரும்பவில்லை.
கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்து
"என்ன" என்றான்.

எந்த மொழியில் என்று எனக்கு விளங்கவில்லை.

அவள் பேசத் தொடங்கினாள்,
முதலில் ஆட்டுக்குட்டி ஒன்று காணாமல் போனதைப் பற்றி.
வெளியே வரிசை சத்தம் போட்டது.
மடிக்காமல் கொண்டுபோக
ஒவ்வொரு சொல்லாய் எடுத்துக்கொண்டிருந்தேன்.